மணிலாவுக்கு வாங்கிய பெட்டி

ஜோகுபாளையத்து வீட்டில் எங்களிடம் மெரூன் நிறத்தில் ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. சக்கரம் வைத்தது. ஓர் ஆளையே மடித்து உள்ளே வைத்துவிடலாம். கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததுதான் அது போன ஒரே பயணம். இப்போது அதில் கம்பளிகள் இருக்கின்றன. சித்தி மணிலாவுக்குப் போவதற்காக அம்மா வாங்கியது அது.

சித்தி, அம்மாவின் தங்கை. அப்போது கல்யாணமாகாமல் எங்களோடுதான் இருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பாள். நான் ஐந்தாம் வகுப்பு. பிலிப்பைன்ஸில் புதிதாக ஒரு குழு சேர்ந்திருக்கிறது, அவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடு, நன்றாகச் செய்தால் உன்னையே அங்கே தலைவியாக அனுப்பலாம் என்று ஒருநாள் அவளுடைய மேனேஜர் சொன்னார். 'அனுப்பலாம்' என்றுதான் சொன்னார். அம்மாவின் காதில் அது விசாவே வந்துவிட்ட மாதிரி விழுந்தது. அன்று சாயங்காலமே எதிர்வீட்டு ஆன்ட்டியிடம், "நம் தங்கி ஃபாரின்கே ஹோக்தாளே" என்று, தங்கை வெளிநாடு போகப்போவதைக் கன்னடத்தில் அறிவித்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்தது. மாப்பிள்ளை பார்ப்பதுகூடத் தள்ளிப்போனது. வெளிநாடு போய் வந்த பெண்ணுக்கு இன்னும் நல்ல இடமாக வரும் என்று அம்மா கணக்குப் போட்டாள்.

சித்தி யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. போனில் ஒரு செயலியை இறக்கி, அந்த ஊர் மொழியான டகாலோக்கைக் கற்க ஆரம்பித்தாள். மணிலாவில் போய் இறங்கியதும் முதல் வார்த்தையே அவர்கள் மொழியில் பேசி அசத்த வேண்டும், அதுவரை அவர்களுக்குத் தெரியக்கூடாது என்பது அவள் திட்டம். எனக்கு மட்டும் தெரியலாம். நான் அவளுடைய வகுப்புத் தோழி.

அந்தச் செயலியில் சரியான விடை சொன்னால் ஒரு குரங்கு கைதட்டும். எனக்கு மொழியைவிடக் குரங்கின் மேல்தான் ஆசை, அதனால் பாய்ந்து பாய்ந்து போனேன். சித்தி பாயிண்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரே பாடத்தில் உட்கார்ந்துவிடுவாள். சமைக்கும்போது அந்த ஊர்க் குழந்தைப் பாட்டுகளை யூடியூபில் ஓடவிடுவாள். நெல்லுக்குப் பாலாய், அரிசிக்குப் பிகாஸ், சோற்றுக்குக் கானின் என்று மூன்று தனித்தனி வார்த்தைகள் இருப்பது தெரிந்த அன்று, கரண்டியோடு ஹாலுக்கு ஓடிவந்தாள்.

"பாத்தியா? இங்கிலீஷ்காரனுக்கு எல்லாமே ரைஸுதான். இவங்க நம்ம மாதிரிடி!"

அப்பாவுக்குப் பிடித்த வார்த்தை வேறு. அந்த மொழியில் 'ஹிந்தி' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். அதைக் கேட்டதிலிருந்து அவர் 'வேண்டாம்', 'இல்லை' எல்லாவற்றையும் விட்டுவிட்டார். இன்னும் கொஞ்சம் காபி வேணுமா என்று அம்மா கேட்டால் "ஹிந்தி" என்பார்.

காலையில் நான் ஸ்கூல் வேனுக்குக் கிளம்பும் நேரம்தான் சித்தி பாடம் எடுக்கும் நேரம். திரையில் ஆறு சதுரங்கள், ஆறு முகங்கள். கேமராவில் படாமல் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் இட்லி சாப்பிடுவேன். சித்தி இங்கிலீஷில் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். யாராவது தப்பு செய்தால் முகம் சுளிக்கமாட்டாள். தான் பல வருஷமாகப் பழகி வைத்திருந்த குறுக்குவழிகளைக்கூட ஒளிக்காமல் காட்டினாள். நாளைக்குத் தன்னோடு வேலை செய்யப்போகிறவர்கள் அல்லவா.

ஒருநாள் ஹெட்போன் பழுதாகி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அவள் ஏதோ ஒரு ஃபைலைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில், அவர்களில் இரண்டு பேர் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். சித்திக்குப் புரியாது என்ற தைரியம்.

"அலாம் ந பா நியா?" என்று கண்ணாடி போட்ட பெண் மெதுவாகக் கேட்டாள்.

"ஹிந்தி பா. கவாவா நமன்" என்றாள் இன்னொருத்தி.

கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டேன். செயலிக்கு வெளியே, உயிருள்ள ஒரு மனுஷி பேசியது எனக்குப் புரிந்திருந்தது! சித்தி மியூட் பட்டனை அழுத்தியதும் குதித்தேன்.

"சித்தி, எனக்குத் தெரியும்! 'அவங்களுக்குத் தெரியுமா'னு ஒருத்தங்க கேட்டாங்க. 'இன்னும் இல்ல'னு இன்னொருத்தங்க சொன்னாங்க. கரெக்டா?"

"கரெக்ட்."

"கவாவா நமன்னா?"

சித்தியின் போனை எடுத்து, நாங்கள் எப்போதும் பார்க்கும் அகராதித் தளத்தில் நானே தேடினேன். யாருக்காவது கஷ்டம் என்றால் நாம் "பாவம்" என்று சொல்வோமே, அதுதான். சித்திக்கு அன்று ஜலதோஷம், குரல் கம்மியிருந்தது. அதற்காகப் பாவப்படுகிறார்கள், எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மாகிட்ட சொல்லாத. போ, ஷூ போடு" என்றாள் சித்தி.

வேன் ஸ்கூல் வாசலுக்குப் போகும்வரை எனக்குள் அந்தக் குரங்கு கைதட்டிக்கொண்டே வந்தது.

சாயங்காலம் சித்தி மொட்டைமாடிக்குப் போய் மேனேஜரோடு வெகுநேரம் போனில் பேசினாள். இறங்கி வரும்போது கை நிறையத் துணிகள். ஒன்றுகூடக் காய்ந்திருக்கவில்லை.

"ஃபாரின் போற பொண்ணு, ஈரத்துணிக்கும் காஞ்ச துணிக்கும் வித்தியாசம் தெரியல" என்று அம்மா திட்டினாள். சித்தி அத்தனையையும் திரும்பக் கொண்டுபோய்க் காயப்போட்டாள்.

மணிலாவுக்குப் போகவிருந்தது வேலை மட்டும்தான். சித்தி கற்றுக்கொடுத்து முடித்ததும் அவளுடைய வேலையை அந்த ஆறு பேரும் பார்த்துக்கொள்வார்கள், அவளை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவர்களுக்கு அது முன்பே தெரியும். அவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. எனக்கென்று ஓர் அலுவலகமும் அதில் இனிக்க இனிக்கப் பேசும் ஒரு மேனேஜரும் வாய்த்த பிறகே இதெல்லாம் எனக்கு உறைத்தது. சித்தியை அப்படி நம்பவைத்த அந்த மனிதரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அன்றைக்கோ எனக்குக் கோபமெல்லாம் சித்தியின் மேல்தான். என்னைச் சேர்த்துக்கொள்ளாமல் தனியாக உட்கார்ந்து, ஏதோ ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழியை விட்டுவிட்டு ஒருத்தி மட்டும் பாயிண்ட் சேர்க்கலாமா?

மறுநாள் காலை சித்தி இஸ்திரி போட்ட சுடிதாரில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆறு முகங்களும் "குட் மார்னிங், மேம்" என்றன. சித்தி சிரித்தாள்.

"அலாம் கோ ந" என்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூச்சு விட்டுப் பிறகு, "சிகே, துலோய் தாயோ." சரி, மேலே போகலாம்.

மணிலாவில் இறங்கிய பிறகுதானே பேசுவதாக இருந்தது? சர்ப்ரைஸை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாளே என்று எனக்கு ஒரே ஆதங்கம். ஆனாலும் உச்சரிப்பு செயலியில் கேட்ட மாதிரியே அச்சாக இருந்தது. கைதட்டுவார்கள் என்று திரையைப் பார்த்தேன். ஆறு சதுரங்களிலும் ஒருவரும் அசையவில்லை. கண்ணாடிப் பெண்ணின் வாய் பாதி திறந்தபடியே நின்றிருந்தது. சித்தி அடுத்த பில்லைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சித்தி, நெட்டு போச்சு" என்று கிசுகிசுத்துவிட்டு, ஹாலுக்கு ஓடிப்போய் வைஃபை பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.