எட்டுச் செலவுக்குப் போன சண்டியர்

அந்தச் சனிக்கிழமை காலையில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் நாடகத்தின் சுவரொட்டிக்குப் படம் எடுப்பதற்காக, லண்டன் கிங்ஸ்பரியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்துக்கு நான்கு பேர் ஒரு கறுப்பு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். நால்வரும் சண்டியர் வேடத்தில் இருந்தார்கள்: கறுப்பு சூட், கறுப்புக் கண்ணாடி, ஒட்டு மீசை.

2. அவர்களில் ஒருவர் என் சித்தப்பா. நாடகத்தை எழுதியவரும் அவரே.

3. நான் எல்லோருக்கும் அனுப்பிய பட்டியலில் "பத்து மணி, வேடத்துடன், பின்வாசலால் வரவும்" என்று இருந்தது. அந்தப் பின்முற்றத்தில்தான், இறந்தவர்களைப் பார்வைக்கு வைக்கும் பக்கத்து மலர்ச்சாலையின் முன்வாசலும் இருக்கிறது என்பதை நான் எழுதவில்லை.

4. மலர்ச்சாலை வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். உள்ளே அவருடைய கணவரின் உடல் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. நால்வரையும் கண்டதும் அவர் விரைந்து வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்து, "வந்திட்டியளே அண்ணை, வரமாட்டியளோ எண்டு பயந்து போனன்" என்று அழுதார்.

5. சித்தப்பா "ஓம்" என்றார்.

6. பத்தே முக்காலுக்குச் சித்தப்பா, தாம் உயிரோடு ஒரு தரமும் பார்த்திராத மனிதருக்கு இரங்கலுரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

7. பதினொன்றரைக்கு நால்வரும் பெட்டியைத் தூக்கினார்கள்.

ஐந்தாவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் என்னால் காரணம் சொல்ல முடியும். நான் லிஃப்ட்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளர். எங்கே எது தவறியது என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பது என் வேலை. அந்த "ஓம்" மட்டும் எந்தப் பட்டியலிலும் அடங்காமல் நிற்கிறது.

சித்தப்பா மோர்டனில் இருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டினார். ஓட்டாத நேரத்தில் நாடகம் போட்டார். அவருடைய கடைசி நாடகம் ஒரு பழைய ஹொலிவூட் நகைச்சுவைப் படத்தைத் தழுவியது. நான்கு சண்டியர்கள் ஓர் ஏழைத் தையல்காரரைத் தங்கள் முதலாளி என்று பிழையாக எண்ணி அவருக்குக் காவல் நிற்கிறார்கள். பிழை தெரிந்த பிறகும் விட்டுப்போக மனம் வராமல் அவருடைய மகளின் கல்யாணத்தை முடித்து வைக்கிறார்கள். பிறகு உண்மையைச் சொல்லாமலே போய்விடுகிறார்கள். அந்தப் படம் முதலில் கறுப்பு வெள்ளையில் வந்தது, பல வருடங்களின் பின் வர்ணத்தில் திரும்ப எடுக்கப்பட்டது. திரும்ப எடுத்ததுதான் திறம் என்பது சித்தப்பாவின் கட்சி. "பழசில சண்டியர் சிரிக்க வைப்பாங்கள், அவ்வளவுதான். புதுசில அவங்களுக்கே அழுகை வரும்" என்பார். அழுகிற சண்டியர்களை வைத்து ஒரு முழு நாடகம் போட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. வசனங்களைத் தட்டச்சு செய்தது, ஒளி, ஒலி, உடை எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டது நான்.

அன்று பத்தரை ஆகியும் ஒருவரையும் காணவில்லை என்று நான் முற்றத்துக்கு வந்தேன். வான் நின்றது. ஆட்கள் இல்லை. திறந்திருந்த மலர்ச்சாலைக் கதவின் ஊடாகச் சித்தப்பாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவர் ஒலிவாங்கிக்கு முன் நிற்கிறார். உள்ளே போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தேன். எங்கள் ஆட்களின் செத்த வீட்டில் நீ யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. வந்தவர் எல்லோருக்கும் ஓர் உரிமை இருக்கிறது என்றே கொள்வார்கள்.

பக்கத்தில் இருந்தவர் மெல்லச் சொன்னதில் எனக்கு விஷயம் விளங்கியது. இறந்தவர் லண்டனுக்கு வருமுன் பாரிஸில் நான்கு நண்பர்களோடு ஓர் அறையில் இருந்தவர். வாழ்நாளெல்லாம் அவர்களைப் பற்றியே பேசியவர். மனைவி அந்த நால்வரையும் ஒருபோதும் கண்டதில்லை. காலை ரயிலில் வருவதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு, சொன்ன எண்ணிக்கையில், அந்த வயதில், கறுப்பு உடுப்போடு நான்கு தமிழர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

சித்தப்பா இறந்தவரைப் பற்றி ஒரு சொல்லும் புனையவில்லை. அவர் சொன்னது ஓர் அறையைப் பற்றி. "ஐந்து பேருக்கு ஒரு கோட்டு இருந்தது. வெளியே போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போவார். அவர் திரும்பும்வரை மற்ற நால்வரும் உள்ளே காத்திருப்போம். அதனால் ஒருவரும் பிந்தி வந்ததில்லை. அந்தக் குளிரில் ஒருவரை ஒருவர் காக்கவைக்காமல் இருந்ததுதான் எங்கள் நட்பு" என்றார். அது ஈஸ்ட்ஹாமில் அவர் இருந்த அறை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கதை. ஆனால் முன்வரிசையில் இறந்தவரின் மனைவி, அந்த அன்ரி, தலையை ஆட்டி ஆட்டி அழுதுகொண்டிருந்தார். "ஓம், கோட்டு. அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லுறவர்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

மற்ற மூவரும் சுவரோடு நின்றார்கள். அவர்களில் டாக்சி ஓட்டும் அண்ணை ஒருவர் உண்மையாகவே அழத் தொடங்க, கண்ணீரில் ஒட்டு மீசையின் ஒரு பக்கம் கழன்றது. அவர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்தச் சபையில் அவருக்குத்தான் துக்கம் அதிகம் என்று எல்லோரும் எண்ணினார்கள். ஒரு முதியவர் போய் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தார்.

பெட்டியை வாகனத்தில் ஏற்றிய பிறகாவது சொல்லியிருக்கலாம். ஆனால் செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது "போயிட்டு வாறன்" என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. விடைபெறாமல், பேசாமல் வெளியேற வேண்டும். நால்வரும் அந்த வழக்கத்தின்படி பேசாமல் தங்கள் வானுக்குள் ஏறினார்கள். அன்று படம் எடுக்கவில்லை.

"ஏன் சித்தப்பா ஓம் எண்டனீங்கள்?" என்று வானுக்குள் கேட்டேன்.

"அந்த மனுசி கையைப் பிடிச்ச பிடியில இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லைப் பிள்ளை."

"படத்தில மாதிரியே செய்துபோட்டம்" என்றார் டாக்சி அண்ணை, மீசையைப் பிய்த்து எடுத்தபடி. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை. சித்தப்பாவும் சிரித்தார். அன்று முழுவதும் அவர் நல்ல உற்சாகமாகவே இருந்தார்.

மூன்றாம் நாள் அந்த உற்சாகம் போய்விட்டது. நித்திரை வரவில்லை என்றார். உண்மையான நண்பர்கள் எப்போதாவது தொலைபேசியில் பேசுவார்கள், அப்போது அந்த மனுசிக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். இறந்த எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் எட்டுச் செலவுக்குப் போய் நேரே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். மலர்ச்சாலையில் முகவரி கேட்டு வாங்கினார். எந்த ஒழுங்கில் சொல்ல வேண்டும் என்று நான் ஐந்து குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பிறகு எடுக்கவேயில்லை.

நானும் கூடப் போனேன். கதவைத் திறந்தது இறந்தவரின் மகன். முப்பது வயது, வாட்டசாட்டமான ஆள். சங்கிலியை எடுக்காமல் இடைவெளியால் பார்த்தார். சித்தப்பா "தம்பி, அம்மா நிக்கிறாவோ?" என்றதும் குரலை அடையாளம் கண்டுகொண்டார். முகம் வெளிறிவிட்டது.

"அப்பா உங்கட ஆக்களோடை என்ன தொடர்பு வைச்சிருந்தவர்? உண்மையைச் சொல்லுங்கோ. எங்களுக்கு ஒண்டும் தெரியாது."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்ரி உள்ளிருந்து வந்து சங்கிலியை எடுத்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது. மரணச் சடங்கை இணையத்தில் நேரலையாக விட்டிருந்தார்கள். பாரிஸ் நண்பர்களில் ஒருவருக்கு முதல்நாள் இரவு நெஞ்சுவலி வந்து, மற்ற மூவரும் அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்கள். அங்கேயிருந்து போனில் நேரலையைப் பார்த்தவர்கள், தங்கள் பெயரால் வேறு நான்கு பேர் பெட்டி சுமப்பதைக் கண்டார்கள். அன்று மாலையே அழைத்து, "தங்கச்சி, அங்கை நிண்டது ஆர்?" என்று கேட்டார்கள்.

மகன் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடி, கறுப்பு வான், மலர்ச்சாலைக்குள்ளும் அதைக் கழற்றாதது, போகும்போது ஒரு வார்த்தை பேசாமல் போன விதம். அப்பாவுக்கு ஏதோ கும்பலோடு தொடர்பு இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அன்ரி அதை நம்ப மறுத்தார். மறுத்துக்கொண்டே இறந்தவரின் அலுமாரியில் இருந்ததையெல்லாம் நான்கு தரம் வெளியே இழுத்துப் போட்டுத் தேடியிருக்கிறார்.

சித்தப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நாடகம், வேடம், சுவரொட்டி, பின்வாசல். மகன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்ரி சிரிக்கவில்லை.

"முப்பத்து மூண்டு வருசம் அவரோடை இருந்தனான்" என்றார். "சண்டைக்கும் போகாத மனுசன். இவ்வளவு நாளா ஆரோ ஒருத்தரின்ரை உடுப்பை மடிக்கிறமாதிரி அவரின்ரை உடுப்பை மடிச்சு வைச்சனான். நீங்கள் நல்லது செய்யிறம் எண்டு நினைச்சு, என்ரை மனிசனை எனக்கே தெரியாத ஆளாக்கிப் போட்டியள்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேடையில் எத்தனையோ தரம் தலைகுனிந்து நான் பார்த்திருக்கிறேன். அது இப்படி இருந்ததில்லை.

"அப்ப அந்தக் கோட்டுக் கதை?" என்று அன்ரி கேட்டார்.

"அது என்ரை அறை, அக்கா. ஈஸ்ட்ஹாமில. எங்களில ரெண்டு பேர் இப்ப இல்லை."

"அவையின்ரை கோட்டு மண்ணிறம். உங்கடை?"

"நீலம். ஒரு பொத்தான் இல்லை."

அன்ரி சமையலறைப் பக்கம் திரும்பினார். பிறகு, "இருங்கோ தம்பி" என்றார். மலர்ச்சாலையில் அண்ணை என்று அழைத்தவர் அப்போதுதான் முதல்முறை தம்பி என்றார். "கணவாய்க் கறி வைச்சிருக்கு. அவருக்குப் பிடிச்சது. சாப்பிட்டிட்டுப் போங்கோ. பிள்ளை, நீயும் இரு." மகன் எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். சாப்பிடும்போது, அந்த மீசை உண்மையானது என்றே தான் நினைத்ததாகச் சொன்னார். அதற்குத்தான் அன்ரி சிரித்தார்.

நாடகத்துக்கு ஒரு கிழமை இருந்தது. அடுத்த ஒத்திகைக்குச் சித்தப்பா கடைசிக் காட்சியைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். சண்டியர்கள் உண்மையைச் சொல்லாமல் போவது இல்லை. வரிசையாக நின்று சொல்கிறார்கள், தையல்காரர் அவர்களை ஏசுகிறார், அவர்கள் நின்று கேட்கிறார்கள்.

"அண்ணை, படத்தில இப்பிடி இல்லையே" என்றார் டாக்சி அண்ணை. "பழசிலயும் இல்லை, புதுசிலயும் இல்லை. சனம் சிரிச்சுக்கொண்டு வீட்டை போக வேண்டாமே?"

"படம் எடுத்தவன் எட்டுச் செலவுக்குப் போகேல்லையடாப்பா" என்றார் சித்தப்பா.

நாடகம் நடந்தது. கடைசிக் காட்சியில் சபை சிரிக்கவில்லை. ஏச்சு நீண்டதாகச் சிலர் குறைப்பட்டார்கள். முன்னைய முடிவு நன்றாக இருந்தது என்று ஒத்திகை பார்த்தவர்கள் இப்போதும் சொல்கிறார்கள். எனக்கும் சில நாட்களில் அப்படித் தோன்றும். அன்ரி வரவில்லை. ஆண்டுத் திவசம் முடியும்வரை அவர் இப்படியான நிகழ்ச்சிகளுக்கு வரமாட்டார் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். அடுத்த வருடம் அவருக்காகவே இன்னொரு தரம் போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாசி மாதம் பஸ் தரிப்பிடத்தில் வைத்து சித்தப்பா மாரடைப்பு வந்து இறந்துபோனார். அறுபத்திரண்டு வயது.

இப்போது நிலைமை இதுதான். நாடகத்தை அடுத்த மாதம் மோர்டனில் திரும்பப் போடுகிறோம். சித்தப்பாவின் பாத்திரத்தை டாக்சி அண்ணை ஏற்றிருக்கிறார். எந்த முடிவு என்று குழுவில் இரண்டு கூட்டம் விவாதம் நடந்தது. நான் நடிகர்களுக்குச் சித்தப்பா மாற்றி எழுதிய இரண்டாவது முடிவையே அனுப்பிவிட்டேன். அன்ரி வீட்டில் ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது. மகனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.