இங்காவின் நெற்றி

இங்கே காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் முதலில் இங்காவுக்குக் குட்மார்னிங் சொல்வார்கள். இங்கா ஒரு இயந்திரம். மஞ்சள் நிறம், ஆட்டுக்குட்டி அளவு. கடலுக்கடியில் போய்ப் படமெடுக்கும். அதற்குப் பிறந்தநாள் என்று கேக் கூட வெட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்கு ஒரு தலையசைப்புதான்.

நார்வேயில் ஒரு சின்னத் துறைமுக ஊர் இது. பழைய மீன் கிடங்குகளுக்குக் 'கடல் புதுமை வட்டாரம்' என்று பெயர் வைத்து, எங்களைப் போன்ற குட்டி ஸ்டார்ட்அப்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். முதலாளி எரிக் என்னை எடுத்ததே, சென்னைக்காரன் கடலோடு வளர்ந்திருப்பான் என்று நம்பித்தான். நான் அஸ்தினாபுரம். எங்கள் பக்கம் தண்ணீர் லாரியில் வரும். இல்லாவிட்டால் டிசம்பரில் வீட்டுக்குள் வரும். கடலைப் பார்க்கக் குரோம்பேட்டையில் ரயிலேற வேண்டும். இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வருடத்தில் ஒருநாள் வட்டாரத்தை ஊர்மக்களுக்குத் திறந்துவிடுவார்கள். மீன் சூப், பாட்டு, குழந்தைகள். அன்று எல்லோர் முன்னாலும் இங்கா நீந்திக் காட்டினால்தான் எங்களுக்கு இட நீட்டிப்பு. இல்லையென்றால் கம்பெனி மூடல், என் விசா காலி. பயத்தில் அஸ்தினாபுரத்திலிருக்கும் விஜி அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன்.

"பூஜை போட்டியாடா? எலுமிச்சம்பழம் வெக்காம தாம்பரத்துல எவனாவது புது வண்டி எடுப்பானா?"

"இதுக்குச் சக்கரமே இல்லக்கா."

"அப்ப பொட்டாவது வை. தண்ணில குங்குமம் நிக்காது. ஆபீஸ் பொண்ணுங்களுக்குக் குடுன்னு ஸ்டிக்கர் பொட்டு அனுப்புனேனே, அதுல ஒண்ணு ஒட்டு."

அப்பாவின் ஸ்கூட்டரிலிருந்து கிரைண்டர் வரை எங்கள் வீட்டில் பொட்டில்லாமல் எதுவும் ஓடியதில்லை. அக்கா குளிக்கும் முன் தன் பொட்டை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவாள். நானும் அப்பாவும் முகத்தில் நாலைந்து பொட்டுகளோடுதான் ஷேவ் செய்துகொள்வோம்.

இங்காவுக்கு நெற்றி எது? நான் மென்பொருள் எழுதுபவன். அதன் உடம்பு எரிக்கின் பொறுப்பு. கேமராவுக்கு மேலே வழுவழுவென்று ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. பெரிய சிவப்புப் பொட்டாகப் பார்த்து ஒட்டினேன். லட்சணமாக இருந்தாள்.

திறப்பு நாளன்று தண்ணீரில் இறக்கியதும் இங்கா பின்பக்கமாகவே போனாள். எவ்வளவு விரட்டினாலும் பின்னால்தான். குழந்தைகள் கைதட்டின. எரிக் லேப்டாப்பில் மூக்கை நுழைத்துக்கொண்டு, "முன்னால் பெரிய பாறை இருக்கிறதாம் இவளுக்கு" என்றார்.

எதிரே இருப்பதைப் பார்க்கும் கண்ணே அந்தக் கறுப்பு வட்டம்தான் போலிருக்கிறது. வாயைத் திறந்தாலும் வேலை போகும், மூடினாலும் போகும். கட்டியிருந்த கயிற்றை இழுத்து இங்காவை மேலே தூக்கி, கூட்டத்தின் முன்னால் பொட்டைப் பிய்த்தேன்.

"என்ன அது?" என்றார் எரிக்.

"திருஷ்டி படாமல் இருக்க. எங்கள் ஊர்ப் பாதுகாப்பு."

அவர் பொட்டை உற்றுப் பார்த்தார். "உப்புத் தண்ணீரிலும் விழவில்லையே! இது என்ன பசை? இப்படி ஒன்றைத்தான் இரண்டு வருடமாகத் தேடுகிறோம்."

இங்கா நேராக நீந்தினாள். நீட்டிப்பு கிடைத்தது. அக்காவுக்கு இருபது அட்டை ஆர்டர் போயிருக்கிறது.

அன்று விரலில் ஒட்டிக்கொண்டிருந்த பொட்டை, பழக்க தோஷத்தில், அலுவலகத்தில் என் நாற்காலிக்கு எதிரே உள்ள ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். இப்போது குளிர்காலம், ஒன்பது மணிக்கும் விடியாததால் கண்ணாடியில் முகம் தெரிகிறது, அதற்குள்ளே துறைமுக விளக்குகளும். காலையில் எல்லோரும் இங்காவுக்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டு அந்தப் பொட்டுக்கும் சொல்கிறார்கள். நான் கொஞ்சம் முன்னதாகவே வந்து, பொட்டு என் நெற்றியில் சரியாக விழும்படி நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.