சிசிடிவி மேடமும் வெற்று வரியும்

கால் எலும்பு முறிந்து கிடப்பவர்கள் பெரும்பாலும் கூரையைப் பார்த்துப் புலம்புவார்கள். போன மாதம் நான் பராமரிக்கப் போன அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துப் புலம்பினார். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, முதுகுக்கு அணை கொடுத்து, சாப்பாட்டுப் பலகையை மடிக்கு மேலே நகர்த்தினால் போதும். அதுதான் ஆபீஸ்.

மென்பொருள் கம்பெனியில் அவர் பார்க்கும் வேலை கொஞ்சம் விசித்திரமானது. இப்போதெல்லாம் என்ன வேண்டும் என்று சொன்னால் ஏஐ ஏஜென்ட் தானே புரோகிராம் எழுதிவிடுகிறது. எந்த இன்ஜினியர் குழு அதை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று கண்காணிப்பது இவர் பொறுப்பு. திரையில் குழுவுக்கு ஒரு கம்பம். ஏஜென்ட்டைக் கூப்பிடக் கூப்பிட கம்பம் உயரும். அந்தத் திரையை வடிவமைத்ததும் இவரே. அதற்காக மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்திருந்தார்கள். கீழே இருந்தவர்கள் ஒரு பட்டப்பெயரும் கொடுத்திருந்தார்கள்.

"முகத்துக்கு நேரா மேடம், திரும்பினா சிசிடிவி. சிசிடிவிக்கே தெரியாதாக்கா?" என்று சிரிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சிரிக்கவில்லை. மதியம் டைரக்டரோடு கூட்டம். கம்பம் மிகக் குட்டையாக இருக்கும் குழுவைக் கலைத்து, ஆட்களை ஆளுக்கொரு பக்கம் போடப்போகிறார்கள். குட்டைக் கம்பம் பில்லிங் குழுவுடையது. அதன் தலைவரை ஆமை என்பார்கள். ஏஜென்ட் எழுதியதை வரிவரியாகப் படிக்காமல் ஏற்கமாட்டார். அதனால் கொஞ்சமாகத்தான் எழுதச் சொல்வார்.

"நல்ல மனுஷன். கம்பம் இப்படிக் காட்டினா நான் என்ன செய்ய?" என்றார் மேடம்.

டீ கொண்டுவந்த கணவர், "உசந்த கம்பத்தையும் ஒரு தட்டு தட்டிப் பாரேன். உள்ள வெறும் காத்தா இருக்கப்போகுது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் குளியலறையில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். அறையிலிருந்து ஒரு சத்தம். வலியில் அலறுகிறார் என்று ஈரக் கையோடு ஓடினேன். பார்த்தால் சிரிப்பு. கட்டுப் போட்ட கால் தலையணையோடு குலுங்கியது.

"முதல்ல காலை ஆட்டாதீங்க!"

"அக்கா, இதைக் கேளுங்க. அவர் சொன்னபடியே உசந்த கம்பத்தைத் தட்டிப் பார்த்தேன். கம்பம் கூரையை முட்டுற குழு இருக்கே, ராக்கெட்டுன்னு பேரு. காலையில ஏஜென்ட்டைக் கூப்பிட்டு புரோகிராம்ல ஒண்ணுமே எழுதாத ஒரு வெத்து வரி சேர்க்கச் சொல்றாங்க. சாயங்காலம் அதை எடுக்கச் சொல்றாங்க. மறுநாள் மறுபடியும் சேர்க்கச் சொல்றாங்க!"

"எதுக்காம்?"

"என் கம்பம் வளரத்தான்." சிரிப்பு அடங்கியது. "எத்தனை தடவை கூப்பிட்டாங்கன்னுதான் எண்ணினேன். கூப்பிட்டு என்ன செஞ்சாங்கன்னு பார்க்கல. இதைச் சொன்னா என் நாற்காலி போகும். சொல்லலைன்னா ஆமையோட குழு போகும்."

"இப்ப கட்டில்லதானே உக்காந்திருக்கீங்க" என்று மாத்திரையை நீட்டினேன். விழுங்கினார்.

தலையை வாரிவிட்டேன். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே போர்வை. கூட்டத்தில் முதல் ஆளாகப் பேசினார்.

"சார், என் அளவுகோலே தப்பு" என்று ஆரம்பித்து, யார் பெயரையும் சொல்லாமல் வெற்று வரிக் கதையைச் சொன்னார்.

திரையில் ராக்கெட் குழுத் தலைவி கை தூக்கினாள். "அது நாங்கதான் மேடம்."

இன்னொரு குரல் வந்தது. "நாங்க ஏஜென்ட்டுக்கு தினமும் ஆளாளுக்கு குட் மார்னிங் சொன்னோம் சார். அதுவும் கணக்குல ஏறிச்சு."

டைரக்டர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப யோக்கியமா இருந்தது பில்லிங் குழு ஒண்ணுதானா?"

ஆமை நிதானமாகத் தொண்டையைச் செருமினார். "சார், குட் மார்னிங் நாங்களும் சொல்லலாம்னுதான் இருந்தோம். அதை எல்லாரும் படிச்சுப் பார்த்து சரி சொல்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு."

அதற்குமேல் அது கூட்டமாகவே இல்லை. இவர் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி சிரித்தார்.

பில்லிங் குழு பிழைத்தது. நாற்காலியும் பிழைத்தது, வேலைதான் மாறியது: கம்பங்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழுவும் ஏஜென்ட்டை வைத்து என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கால் ஆறும்வரை குழுக்களே வீட்டுக்கு வரும் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை ராக்கெட் குழு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தது. கை கழுவாத யாரையும் நான் அறைக்குள் விடவில்லை. ஏஜென்ட் எழுத எழுத ஒருத்தி உரக்கப் படித்தாள். இவர், "இது எதுக்கு? இதை ஏன் அப்படியே விட்டீங்க?" என்று துளைத்தெடுத்தார். அவர்களும் விடாமல் பதிலுக்குச் சண்டை போட்டார்கள். நான் இரண்டு முறை சூப்பைச் சூடாக்கிக் கொண்டுபோனேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை கரண்டியை நானே அவர் வாயில் வைத்தேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே விழுங்கினார்.