வோட்டு பஸ்

எங்கள் வீட்டில் ஜனநாயகத்தை உம்மா அளவுக்கு நேசித்தவர் யாருமில்லை. தேர்தல் வருகிறது என்று கேள்விப்பட்டாலே போதும், அலுமாரியைத் திறந்து பெருநாள் சாரியை எடுத்து வெயிலில் போடுவார். யார் வென்றால் என்ன, யார் தோற்றால் என்ன, அவருக்குத் தேவைப்பட்டது பஸ்தான்.

யுத்த காலத்தில், முஸ்லிம்கள் என்பதற்காகவே மன்னார்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து விரட்டப்பட்டோம். புத்தளத்துக் கரைத்தீவில் வந்து குடியேறினோம். யுத்தம் முடிந்தபோது ஊரில் எங்கள் வீடு இல்லை. கிணறு மட்டும் பற்றைக்குள் கிடந்தது. எங்கள் வாக்கும் அங்கேதான் பதிவில் இருந்தது. அதைப் போடுவதற்கு இங்கிருந்து பஸ் விடுவார்கள்.

வேறு நாளில் ஊருக்குப் போனால் "காணி பிடிக்கவா வந்தனீங்கள்?" என்று சந்தியில் நின்று கேட்பார்கள். இங்கேயோ, ஒரே பள்ளியில் தொழுதாலும் நாங்கள் 'அகதி ஆக்கள்'. எத்தனை வருடமானாலும் அந்தச் சொல் எனக்குச் சுடும். வோட்டு நாளில் மட்டும் உம்மாவை யாரும் எதுவும் கேட்க முடியாது.

வாக்குப் போட்ட கையோடு கிணற்றடிக்குப் போவார். பக்கத்து வளவுத் தமிழ்ப் பெண், உம்மாவின் பழைய கூட்டாளி, முன்னமே தண்ணீர் அள்ளி வைத்திருப்பார். இருவரும் கிணற்றுக் கட்டின் மேல் குந்தி, பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை கதைப்பார்கள். திரும்பும்போது ஒரு போத்தல் தண்ணீர் வரும். ஆளுக்கு ஒரு மிடறுதான்.

ஒரு தேர்தலில் எங்கள் வாக்குப் பிடிக்காத யாரோ வழியில் பஸ்ஸுக்குக் கல்லெறிந்தார்கள். கல்லெறிந்தவன் சுகமாக இருந்தான், நின்றுபோனது எங்கள் பஸ். அடுத்த முறை எங்கள் பாதுகாப்புக்கென்று எங்கள் ஊர் வாக்குச்சாவடியையே கரைத்தீவுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தார்கள். பெரிய வசதி என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் சொன்னேன். உம்மா பெருநாள் சாரியை உடுத்துக்கொண்டு போனார், தேநீர் ஆறுவதற்குள் திரும்பிவிட்டார்.

மத்தியானம் ஊரிலிருந்து போன் வந்தது. அந்தக் கூட்டாளிதான்.

"அக்கா, தண்ணி அள்ளி வச்சிட்டன். பஸ் எவடத்தில வருது?"

உம்மா மை பூசிய விரலைச் சாரியில் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"பஸ் இல்ல தங்கச்சி. இனி எங்கட வோட்டு மட்டும்தான் ஊருக்கு வரும்" என்றார்.