வெந்நீர்ப் பை கேட்காத பெண்

1. ரப்பர் வாசனை

வெந்நீர் ஊற்றியதும் ரப்பர் பையிலிருந்து ஒரு வாசனை எழும். பழைய சைக்கிள் டியூபும் மழைக்கோட்டும் சேர்ந்து வெயிலில் காய்வது போல. வீட்டில் என் முதுகுவலிக்கு அந்தப் பையை எடுத்தாலும் முதுகு மறந்துபோகிறது, மெடிக்கல் ரூம் வந்துவிடுகிறது. பச்சைத் திரை, இரண்டு கட்டில், ஒரு கெட்டில், ஜன்னலுக்கு வெளியே தைல மரம், அதற்கும் வெளியே சிப்காட் சாலையில் லாரி.

கிருஷ்ணகிரியில் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஓசூருக்கு வந்தவள் நான். அங்கே மனிதர்கள் கத்துவார்கள். இங்கே மெஷின் கத்தும், மனிதர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்களுடையது வண்டிகளுக்கு வயரிங் ஹார்னஸ் செய்யும் கம்பெனி. போர்டில் வயரை விரித்து, டேப் சுற்றி, கனெக்டர் மாட்டி, அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். ஷிஃப்ட் முழுக்க நின்றபடி. லைனில் முக்கால்வாசி பெண்கள்.

மாதவிலக்கு வலி வந்தால் மெடிக்கல் ரூமில் வெந்நீர்ப் பையோடு அரை மணி நேரம் படுக்கலாம் என்று ஓர் ஏற்பாடு. யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை. "சிஸ்டர், பை" என்றால் போதும். பாகலூர்ப் பெண்கள் கன்னடத்தில் ஹொட்டே நோவு என்பார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் கடுப்பு நொப்பி என்பார்கள், தருமபுரிப் பெண்கள் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டுவார்கள். மூன்று பாஷைக்கும் ஒரே பை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற நர்ஸ் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பை கேட்டு வந்தவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கேட்காத ஒருத்தியைப் பற்றி எழுத இருக்கிறது.

2. ஹாட் பாக்ஸ்

மாதேஸ்வரிக்கு ஊர் நாட்றாம்பாளையத்துப் பக்கத்து மலைக் கிராமம். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். சனி சாயங்காலம் ஊருக்குப் போய் திங்கள் விடிகாலை திரும்புவாள். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு முடித்து, ஓட்டத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். காலையில் பனி விலகுமுன் சர்வீஸ் ரோட்டில் ஓடுவாள். வெயிட் குறைந்தால் டைமிங் குறையும் என்று எங்கோ ஒரு வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த மனிதரை அவள் குலதெய்வம் போல நம்பினாள்.

அந்த வருஷம் ஆண்டு விழாவில் அவளுக்குப் பரிசு. லைன் இன்சார்ஜ் குமரேசன் சார் மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர், ஆனால் பெண்கள் விஷயம் என்றால் காது சிவந்துவிடும்.

"இந்தப் பொண்ணு... வந்து... ஒரு தடவைகூட மெடிக்கல் ரூம் பக்கம் போகல. லைன விட்டு நகரவே இல்ல. எல்லாரும் இவளப் பாத்துக் கத்துக்கணும்."

கைதட்டினோம். நானும் தட்டினேன். பரிசு ஒரு பெரிய ஹாட் பாக்ஸ், சிவப்பு நிறம், நாலு பேர் சோறு பிடிக்கும். அதை வாங்க நீண்ட கை முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

3. மஞ்சள் கரு

பரிசு வாங்கிய சில நாளில் அவள் முதல்முறையாக என் ரூமுக்கு வந்தாள். நொண்டிக்கொண்டு.

"சிஸ்டர், வலி ஸ்ப்ரே அடிச்சு விடுங்க. கால்ல முன்பக்கம், எலும்பு மேல."

தொட்டேன். காலை இழுத்துக்கொண்டாள். ஒரே இடத்தில், விரல் நுனி அளவுக்கு வலி. அது தசை வலி இல்லை.

"மத்தியானம் என்ன சாப்ட்ட?"

"வெள்ளரிக்கா."

"காலைல?"

"முட்டை சிஸ்டர். மஞ்சக் கரு எடுத்துட்டு."

"அந்த மஞ்சக் கரு எங்க போச்சு?"

"ரூம்ல ஜோதி சாப்டுவா."

ஜோதியை எனக்குத் தெரியும். சமீபத்தில் பெரிய சைஸ் யூனிஃபார்ம் கேட்டு ஸ்டோருக்கு அலைந்தவள். இப்போதுதான் காரணம் விளங்கியது.

"பீரியட்ஸ் எப்ப வந்துச்சு கடைசியா?"

"அது வராது சிஸ்டர்."

மழை நாளில் மலைக்கு பஸ் வராது என்று சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள். வருத்தம் இல்லை.

"வராதுன்னா?"

"நின்னு ரொம்ப மாசமாச்சு. ஓடறவங்களுக்கு அப்படித்தான் ஆவும், பாடி ஃபிட்டா இருக்குன்னு அர்த்தம்னு வீடியோல சொன்னாங்க. நல்லதுதானே? கிரவுண்ட்ல ஓடற அன்னிக்கு வந்து தொலைச்சா நான் என்ன பண்றது?"

டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். ஓட்டத் தேர்வு முடியட்டும் என்றாள். ஸ்ப்ரே அடிக்க மாட்டேன் என்றேன். "கடைல வாங்கிக்கறேன் சிஸ்டர்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள். அவளுடைய பணிவு எப்போதும் அப்படித்தான். தலையாட்டும், கேட்காது.

4. வெளிக் குடிசை

அடுத்த வாரம் கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "மேடம், ஒரு அம்மா வந்திருக்காங்க. ஆபீஸ் வேணாமாம், மேனேஜர் வேணாமாம். நர்ஸத்தான் பாக்கணுமாம்."

மாதேஸ்வரியின் அம்மா மல்லம்மா. என் வயதுதான் இருக்கும். கட்டில், நாற்காலி எதிலும் உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

அவர்கள் ஊரில் மாதவிலக்கான பெண்கள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. தெருக் கடைசியில் ஒரு குடிசை, அங்கேதான் இருக்க வேண்டும். தட்டு, சொம்பு, போர்வை எல்லாம் தனி. அதனால் யாருக்கு எப்போது என்பது ஊருக்கே மனப்பாடம். வெளியே உட்காருகிறவளை யாரும் கவனிக்க மாட்டார்கள். உட்காராதவளைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள்.

"வாராவாரம் வூட்டுக்கு வர்றா நர்ஸம்மா. முன்னல்லாம் ஏதாச்சும் ஒரு ஞாயித்துக்கெழம மாட்டிக்குவா. இப்ப மாசக்கணக்கா உள்ளதான் படுக்கறா. ஊர்ல வாயி சும்மா இருக்குமா? எம் மூஞ்சப் பாத்தே கேக்கறாளுங்க, என்னா மல்லம்மா, பேரன் பேத்தி உண்டான்னு."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"நான் கேக்கல. அதுக்குள்ள அவளே போய் குடிசைல ஒக்காந்துட்டா, போன வாரம். எனக்கும் உசுரு வந்துச்சு. ஆனா குடிசைல இவ அத்தையும் இருந்தா. என் நாத்தனாரு. ரெண்டு நாளா இவ ஒரு துணி நனைக்கல, ஒரு பேடு எரிக்கல, சும்மா ஒக்காந்துட்டு வந்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டா."

கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அதோட உள்ள குதிச்சுக்கிட்டே இருந்தாளாம். கலையட்டும்னு குதிக்கறாளாம், அத்தக்காரி சொல்றா."

அவள் எதற்குக் குதித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எக்சர்சைஸ் விட்டுப்போகக் கூடாது.

"நான் கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன். கணக்க முடிச்சுக் குடுத்துடச் சொல்லுங்க."

லைனிலிருந்து மாதேஸ்வரியை அழைத்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தேன். கர்ப்ப டெஸ்ட் அட்டையைக் காட்டி, "உனக்கு சம்மதம்னா மட்டும்" என்றேன்.

"நான் யாரையும் பாக்கறதே இல்ல சிஸ்டர். ஓடறப்ப எதுத்தாப்ல வர்ற நாயத் தவிர."

"எனக்குத் தெரியுது. டாக்டரும் முதல்ல இதத்தான் கேப்பாங்க."

அட்டையில் ஒரு கோடு. நான் காட்டுவதற்குள் அவளே பிடுங்கிப் போய் அம்மாவிடம் நீட்டினாள். மல்லம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னாது?"

"ஒரு கோடுன்னா ஒன்னுமில்லக்கா" என்றேன். "உங்க பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல."

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிம்மதி ஒரு டீ ஆறும் நேரம்கூட நிற்கவில்லை.

"அப்ப ஏன் வரல? இந்த வயசுலயே நின்னுபோச்சா? ஐயோ, இதுக்கு அதுவே தேவலையே!"

5. ஜெனரேட்டர்

கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் மூவரும் போனோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், காலுக்கு எக்ஸ்ரே. தைராய்டு சரியாக இருந்தது, கர்ப்பப்பை சரியாக இருந்தது. கால் எலும்பில் மட்டும் முடி போல ஒரு கீறல்.

டாக்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "ஓடற அளவுக்குச் சாப்பிடல. அதான் நின்னிருக்கு. மாசாமாசம் வர வைக்கிற அதே ஹார்மோன்தான் எலும்பையும் காப்பாத்துது. அதுவும் போச்சு, எலும்பும் விரிஞ்சிருக்கு. மாத்திரை குடுத்து வரவைக்கலாம். ஆனா அது தானா வந்த மாதிரி ஆவாது. சாப்பிடணும், ஓட்டத்த நிறுத்தணும். மாசக்கணக்கு ஆகும்."

"கிரவுண்டு?" என்றாள் மாதேஸ்வரி.

"இந்த வருஷம் இல்லம்மா."

ஆஸ்பத்திரி வாசலில் அவள் அழவில்லை. கால் கட்டோடு நின்று, சாலையில் போகிற ஒவ்வொரு பஸ்ஸையும் ஓடிப் பிடிக்கப் போகிறவள் போலப் பார்த்தாள். அவளுக்குப் புரியும்படி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"கம்பெனில கரன்ட் போனா என்ன ஆவும்?"

"ஜெனரேட்டர் போடுவாங்க."

"அப்ப எது ஓடும்?"

"லைன் ஓடும். கேன்டீன் ஃபேன், ஆபீஸ் ஏசி எல்லாம் நிறுத்திடுவாங்க."

"உன் உடம்பும் அதத்தான் பண்ணிருக்கு. இப்போதைக்கு உயிரோட இருக்க எது தேவையில்லையோ, அத ஆஃப் பண்ணிட்டு உன்ன ஓட விட்டுருக்கு."

யோசித்தாள். "அப்ப நான் இத்தன நாள் ஜெனரேட்டர்லயா ஓடிருக்கேன்?"

"ஆமா. அதுக்கு டீசலும் நீ ஊத்தல."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அழுதாள்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பேரம் நடந்தது. மல்லம்மா சொன்னாள், "கார்த்திகை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வரலன்னா கூட்டிட்டுப் போயி எங்கண்ணன் மவனுக்குக் கட்டிக் குடுத்துடுவேன். வராதுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அவனும் கட்டமாட்டான்."

இந்தக் கணக்கு எனக்கு விளங்கியது என்று சொல்ல முடியாது. மாதேஸ்வரிக்கு விளங்கியது. எதிரில் இருந்த பன்னை எடுத்து, மருந்து போல, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

6. கார்த்திகை

அந்தச் சிவப்பு ஹாட் பாக்ஸுக்கு வேலை வந்தது. திங்கட்கிழமை தோறும் ஊரிலிருந்து அதில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் நாட்டுக்கோழிக் குழம்பும் வந்தன. கேன்டீனில் அவள் சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவாள். நான் கூப்பிடவில்லை. லைன் பெண்கள் "என்னாடி, போலீஸு, ஜெயில் சோறா?" என்று கேலி செய்தால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வாள். ஜோதிக்கு மஞ்சள் கரு நின்றது. அவள் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள்.

சாப்பாடு சுலபமாக இறங்கவில்லை. இடுப்பில் சதை விழுந்தபோது மாதேஸ்வரி என் ரூம் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். ஓட்டத் தேர்வு நடந்த அன்று லைனில் ஒரு கனெக்டரைத் தப்பாக மாட்டி, குமரேசன் சாரிடம் திட்டு வாங்கினாள். திட்டியவருக்கு அன்று என்ன நாள் என்று தெரியாது. அவளும் சொல்லவில்லை. கால் எலும்பு கூடிய பிறகு டாக்டர் நடக்க அனுமதித்தார், அப்புறம் மெதுவாக ஓட. வர வேண்டியது மட்டும் வரவில்லை. ஐப்பசி போயிற்று. கார்த்திகையும் போயிற்று.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, ஷிஃப்ட் முடிகிற நேரம். கேட்டுக்கு வெளியே செக்யூரிட்டி ஷெட் ஓரம் மல்லம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மூட்டை. வேகமாக அருகே போனேன்.

"கூட்டிட்டுப் போக வந்தீங்களாக்கா?"

"டப்பாவ மறந்து வச்சுட்டு வந்துட்டா கழுத. சோத்துக்கு என்ன பண்ணுவா? அதான் எடுத்தாந்தேன். இது உங்களுக்கு, அவரக்கா."

மூட்டையைப் பிரித்தாள். அவரைக்காய் வாசனை அந்த டீசல் புகையிலும் தனியாக எழுந்தது. கார்த்திகை பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. செக்யூரிட்டி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மாதேஸ்வரி வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள். நான் மல்லம்மாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

புதிதாக வருகிற பிள்ளைகளே, நான் கற்றதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பஸ் வந்துவிடும். உங்கள் ரூமுக்கு வருகிறவர்களைப் பார்ப்பது பாதி வேலைதான். வராமல் இருந்து கைதட்டல் வாங்குகிறவளை ஒருநாள் நீங்களே போய்ப் பாருங்கள். முதலில் என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள்.

அஞ்செட்டி பஸ் கிளம்ப நின்றது. மல்லம்மா ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். அப்புறம்தான் தலையை வெளியே நீட்டி, குரலைத் தாழ்த்தினாள்.

"வந்துடுச்சு நர்ஸம்மா. சனிக்கெழம ராத்திரி. வலின்னு சுருண்டுட்டா. பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி வயித்துல வச்சு உட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் நெருங்கினேன். "குடிசைலயா?"

"எங்க? பொய்யா ரெண்டு நாளு ஒக்காந்தாச்சு, நெசத்துக்கு ஒக்கார மாட்டேன்னுட்டா. நானும் பாத்தேன். வெளிய பனி என்னமா கொட்டுது."

"ஊர்ல? உங்க நாத்தனார்?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. நான் கூடவே நாலு எட்டு நடந்தேன்.

"விடிஞ்சதும் வாசல்லயே வந்து நின்னு கேட்டா, என்னா உம் மவளுக்கு இன்னும் ஆவலயான்னு" என்றாள் மல்லம்மா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "ஆச்சு, உள்ள தூங்கறான்னேன்."