மண்டூருக்கு இருபத்திரண்டு கிலோ மின்சாரம்

சென்ற வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மண்டூர்ப் பக்கம் ஓர் இறால் குளத்தில், தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரம் விடியுமுன் நின்று, வளர்ந்த இறால் அத்தனையும் செத்துப்போயிருந்தது. சக்கரத்தை இயக்கும் பெட்டியில் பிழையா, காவலிருந்தவர் தூங்கினாரா? கண்டறியச் சொல்லி எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கடிதம் வந்தது. போனேன்.

என்னோடு வந்தது ஒரு மின்மூலம். இருபத்திரண்டு கிலோ. எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம், எப்படி ஏறி எப்படி இறங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அதே மின்சாரத்தைத் தரும். லைனில் வரும் கோளாறுகளை வேண்டுமென்றே உண்டாக்கி, ஒரு கருவி தாங்குமா என்று பார்ப்பதற்கு.

மட்டக்களப்பில் காலை 6.40 பஸ். ஆரையம்பதி வரை நான் நின்றேன், மின்மூலம் இருக்கையில். களுவாஞ்சிகுடிக்கு 150 ரூபா. மின்மூலத்துக்கும் ஒரு டிக்கெட். குருமண்வெளித் துறைக்கு ஆட்டோ 400. அங்கிருந்து 'பாதை'. வாகனம் ஏற்றும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர்.

பாதைக்காரர் மின்மூலத்தைத் தூக்கிப் பார்த்தார். "என்ன புள்ள, உள்ளுக்கு அம்மியா?"

"கரண்ட்."

"அப்ப நல்லதாப் பாத்து எங்களுக்கும் ஒள்ளுப்பம், ஒரு சொட்டு, இறக்கிட்டுப் போ."

பதினைந்து நிமிடம். வாவி அசையவில்லை. நாங்கள்தான் அசைந்தோம்.

காவலிருந்தவர் சுகந்தி. என் வயதுதான் இருக்கும். குளம் நாலு பேரின் கூட்டு, அவரும் ஒருவர். அடுத்த வளர்ப்பில் அவரைச் சேர்ப்பதில்லை என்று மற்ற மூவரும் பேசி முடித்திருந்தார்கள்.

"பெட்டியில பச்சை லைட் எரிஞ்சுதான் கிடந்திச்சு மிஸ். காத்து மாறி அடிச்சதால சக்கரச் சத்தம் காவல் குடிலுக்குக் கேக்கல்ல. ஆனா நான் கண் மூடல்ல."

"பச்சை எரிஞ்சாச் சக்கரம் சுத்தும்," என்றார் மூவரில் மூத்தவரான நடேசன். "நீ கனவுல கண்ட பச்சை அது."

சக்கரத்தைக் கழற்றி, அதன் இடத்தில் ஒரு பல்பை மாட்டினேன். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்மூலத்திலிருந்து மின்சாரம். விதிப்புத்தகத்தில் உள்ள சோதனைகள்: 230 வோல்ட் சட்டென்று 161க்கு விழுந்து எழும். தாங்கியது. 92க்கு, பிறகு பூச்சியத்துக்கு. பெட்டி ஒருகணம் அணைந்து, தானாகவே தொடங்கியது. பல்பும் எரிந்தது.

"பெட்டியில பிழையில்ல," என்றார் நடேசன். புத்தகமும் அதையே சொன்னது. நான் வயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

"இப்பிடி இல்ல மிஸ்." சுகந்தி மேசைக்கு மேலே கையை விரித்தார். "அரிசி மில் போடக்கொள்ள குடில் பல்பு மெல்ல இறங்கும். அண்டைக்கும் அப்பிடித்தான்." கை இறங்கியது. பாதியளவில் நின்றது. மூன்று, நான்கு என்று வாய்க்குள் எண்ணினார். "மறுகா டக்கெண்டு ஏறும்."

அந்தக் கையைப் புள்ளி புள்ளியாக எழுதினேன். 230இலிருந்து 120க்குச் சரிவு. நான்கு விநாடி. ஏற்றம். பொத்தானை அழுத்தினேன்.

பல்பு மங்கியது. உள்ளே ஒரு 'டொக்'. பல்பு அணைந்தது. 230 திரும்பி வந்தும் எரியவில்லை.

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

120இல் சக்கரத்துக்கான சுவிட்ச் விட்டுவிடுகிறது. பெட்டியின் மூளைக்கோ அது போதும், ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை, அதனால் சுவிட்சைத் திரும்பப் போடவும் இல்லை. விளக்கம் அவ்வளவுதான். ஆனாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அந்த ஒரு விடியலில் வந்துபோன மின்சாரம், பகல் 11.20க்கு, ஒரு கையின் நினைவிலிருந்து திரும்பி வந்திருந்தது.

நடேசன் பச்சையைப் பார்த்தபடி இருந்தார். "அப்ப நீ உறங்கல்ல."

"நான் அண்டைக்கே சொன்னன்."

போகிறவர்களுக்கு: பாதையில் ஓரத்தில் நிற்காதீர்கள், மாலையில் அலை தெறிக்கும். குடை போதாது, கருவியை மூடத் தறப்பாள் கொண்டுபோங்கள். விதிப்புத்தகத்தைத் திறக்குமுன் அங்கே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேளுங்கள். நான் பிந்தித்தான் கேட்டேன்.

பிற்பகல் ஒரு மணிப் பாதையில் திரும்புவதாகத் திட்டம். சுகந்தி விடவில்லை. "மத்த ரெண்டு பேரும் வரட்டும் மிஸ். திரும்பப் போடுங்க." வந்தார்கள். போட்டேன். பிறகு அவர்களின் வீட்டார் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே 120, அதே 'டொக்', அதே பச்சை. ஐந்தரைப் பாதைதான் கிடைத்தது.