படகு திரும்பும் வரை தேநீர்

காலை ஒன்பது மணிக்கு ஹனோவரில் ரயில் ஏறியபோது என் பையில் புட்டும் நண்டுக்கறியும் இருந்தன. மனதில் ஒரே தீர்மானம்: மகள் ஆரணியைக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும். வட கடலோரச் சிற்றூர் ஒன்றில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், அங்குள்ள உயிர்மீட்புப் படகு நிலையத்தில் தொண்டராகச் சேர்ந்து ஒரு வருடமாகிறதாம். போன கிழமைதான் வாயைத் திறந்தாள். கடலை எனக்குத் தெரியாதா? என் அண்ணன் எங்கள் ஊர் மயிலிட்டிக் கரையிலிருந்து மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. போர்க்காலம், அன்று பின்னேரமே கடலில் இறங்கத் தடை போட்டார்கள். தேடப் போக ஒருவராலும் முடியவில்லை.

பிரேமன், ஓல்டன்பர்க், லேர், எம்டன் என்று போகப் போக நிலம் தட்டையாகிக்கொண்டே வந்தது. நோர்டனில் இறங்கிப் பேருந்து பிடித்தேன். கடைசித் தரிப்பிடத்துக்குச் சீட்டுக் கேட்டதும், கடலில் விழாமல் நிறுத்துகிறேன் என்றார் ஓட்டுநர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் கடலணையடியில் ஆரணி காத்திருந்தாள். புல் மூடிய அணை முழுக்கச் செம்மறியாடுகள்.

"இவ்வளவு சாப்பாடு ஆருக்கு அம்மா?"

"சாப்பிட்டிட்டு வெளிக்கிடு. உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்."

"ஓம், தெரியும். முதல்ல நிலையத்தைப் பாருங்கோ. பிறகு சண்டை பிடிப்பம்."

செங்கல் கொட்டகைக்குள் எங்களை வரவேற்றவர் எனோ, முன்னாள் படகுத் தலைவர். நடுவே கிடந்தது பழைய துடுப்புப் படகு. குதிரைகள் இதை மணலில் இழுத்துப்போக, ஊரார் ஏறித் துடுப்புப் போட்டுப் புயலுக்குள் போனார்களாம். பாதுகாப்புக்குத் தக்கைக் கட்டைகள் கோத்த ஓர் அங்கி மட்டும். அதைத் தூக்கிப் பார்த்தேன், நம்ப முடியவில்லை. அதற்கும் முந்திய காலத்தில் கப்பல் உடைந்தால் இதே ஊரார் மகிழ்ந்தார்களாம், கரையொதுங்கும் சாமான்களுக்காக. பிறகு எப்படி மாறினார்கள் என்று கேட்டேன். பிணம் புதைத்துப் புதைத்துக் கை அலுத்துப்போயிற்று என்றார் எனோ. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

மாடியறையில் தேநீர். கற்கண்டின் மேல் ஊற்றி, ஓரமாகப் பாலாடை விட்டுத் தந்தார். நான் வழக்கம்போல் நன்றாகக் கலக்கினேன். எனோவின் முகம் சுருங்கியது. "அம்மா, இஞ்ச கலக்கக் கூடாது!" என்று ஆரணி சிரித்தாள். நண்டுக்காலைக் கடித்துக்கொண்டிருந்தவளின் கைபேசி அப்போதுதான் அலறியது. கறிக்கையைக் காற்சட்டையில் துடைத்தபடி ஓடினாள். ஜன்னலால் பார்த்தேன். மாவு படிந்த ஏப்ரனோடு வெதுப்பகக்காரர் ஓடி வந்தார். தபால்காரப் பெண் சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு வந்தாள். திறந்த வாயை நான் மூடுமுன் அவர்களை ஏற்றிய செம்மஞ்சள் நிறக் கூண்டு வைத்த படகு துறைமுகத்தைத் தாண்டி மூடுபனிக்குள் போய்விட்டது. மணல்திட்டில் பாய்ப்படகு ஒன்று தரைதட்டி நிற்கிறது, அதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனோ ரேடியோவைக் கேட்டுச் சொன்னார்.

கரண்டியைக் கோப்பைக்குள் போட்டேன். போதும் என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம் என்று ஆரணி சொல்லியிருந்தாள். எனோ அதை எடுத்துத் தட்டில் வைத்து மறுபடி ஊற்றினார். படகு வெளியே நிற்கும்போது இந்த நிலையத்தில் யாரும் கரண்டி போடுவதில்லையாம். துடுப்புக் காலத்துப் பெண்கள் தொடங்கிவைத்த வழக்கம். அவர்கள் குடித்துக்கொண்டே காத்திருந்தார்கள். நானும் குடித்தேன்.

பனிக்குள்ளிருந்து வெளிச்சம் முதலில் வந்தது, படகு பிறகு. படியிறங்கி ஓடினேன். போர்வைக்குள் ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும். சின்னவள் ஆரணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். யாரென்றே தெரியாத பிள்ளை. என் அண்ணனைத் தேடி இப்படி ஒரு படகு போயிருந்தால் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை.

எல்லாரும் மாடிக்கு வந்து ஆறிப்போன புட்டைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். நண்டுக்கறியின் உறைப்பில் வெதுப்பகக்காரருக்குக் கண்ணால் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் இன்னும் கேட்டார்.

"அம்மா, இப்ப சண்டை பிடிப்பமே?"

"ஏலாது. வயிறு முட்டத் தேத்தண்ணி."

கரண்டியைக் கோப்பைக்குள் போட்டேன். எனோ தலையசைத்தார். மாலைப் பேருந்தில் தனியாகவே ஏறினேன். அதே ஓட்டுநர்தான். கடல் எப்படி என்றார். பெரிசு என்றேன்.

ஹனோவரில் எங்கள் வீட்டு ஜன்னலால் டிராம் பாதைதான் தெரியும். நேற்று ஆரணியிடமிருந்து "படகில வெளிக்கிடுறன் அம்மா" என்று செய்தி வந்ததும் கேத்தலை வைத்தேன். மூன்றாவது கோப்பையை நீட்டியபோது என் மனுசன் முறைத்தார்.

"இன்னும் எத்தினை?"

"அவள் கரைக்கு வருமட்டும் குடியுங்கோ."

முணுமுணுத்தபடி வாங்கிக் குடித்தார். அவருடைய கரண்டி தட்டில்தான் கிடந்தது.